கை இறங்கும் வரை

பந்தலூர்,
5 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய கமாண்டர் மனோகரன் சாருக்கு,

ரஹீம் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் இங்கே நானும் வீட்டுக்காரி முனவ்வராவும் சுகம். குன்னூர்க் குளிரில் உங்களையும் அம்மாவையும் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருக்க துஆ செய்துகொண்டே எழுதுகிறேன்.

எந்த ரஹீம் என்று யோசிப்பீர்கள். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் நம் விமானந்தாங்கிக் கப்பலில் ஆயுதப் பிரிவு மாலுமி. உங்கள் சீ ஹாக் விமானத்தின் இறக்கைக்கு அடியில் குண்டு மாட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கிரீஸோடு திரிந்த ஒல்லிப் பையன். இப்போது ஒல்லி இல்லை. பந்தலூர் பஜாரில் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் விற்கிறேன். இந்தப் பக்கத்தில் மழையும் அட்டையும் இருக்கிறவரை என் பிழைப்புக்குக் குறைவில்லை.

நேற்று டிசம்பர் நாலு. வருஷா வருஷம் அந்தத் தேதியில் உங்களை நினைத்துக்கொள்வேன். காக்ஸ் பஜார் விமான தளத்தின் மேல் குண்டு போடக் கிளம்பும்முன், அன்று காலை எனக்காக நீங்கள் காத்திருந்தீர்கள். விவரம் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அப்போது நன்றி சொல்ல வாய்க்கவில்லை. மாலுமிப் பையன் அதிகாரி முன்னால் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அப்புறம் உங்களுக்கு வேறு இடம், எனக்கு வேறு கப்பல். உங்கள் விலாசம் போன மாதம்தான், ஊட்டியில் நடந்த முன்னாள் படைவீரர் கூட்டத்துக்குப் போன என் பழைய கப்பல் கூட்டாளி பெனிஸ் மூலம் கிடைத்தது.

இந்தக் கடிதத்தை எழுதுகிற வலது கை நீங்கள் கொடுத்தது சார். இந்தக் கையால்தான் மூன்று பெண் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தேன். ரொம்ப ரொம்ப நன்றி.

ஃபோன் செய்திருக்கலாம். விமான இரைச்சலில் காது பாதி அப்போதே போனது, மீதி வயசில் போனது. வீட்டுக்காரி திட்டுவது கேட்காது என்பதைத் தவிர இதில் வேறு லாபம் இல்லை. அதனால்தான் கடிதம்.

என்றும் உங்கள் கீழ்ப்படிந்த,
ரஹீம்


குன்னூர்,
29 டிசம்பர் 2024

திரு. ரஹீம் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருமதி அம்சவேணி மனோகரன். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் சௌக்கியம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

குளிரில் சாருக்கு விரல் மடங்குவதில்லை, ஆகவே அவர் சார்பில் நான் எழுதுகிறேன். கடிதத்தை வாசித்துச் சந்தோஷப்பட்டார். உங்களுக்கும் குழந்தைகளுக்கும் தம் ஆசிகளைச் சொல்லச் சொன்னார்.

சண்டையைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. எழுபத்தைந்தில் எங்கள் கல்யாணம். அன்று முதல் ‘போனோம், போட்டோம், வந்தோம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை என் காதில் விழுந்ததில்லை. உங்களுக்காக அவர் காத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன என்று நீங்களே எழுதினால் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
அம்சவேணி


பந்தலூர்,
6 ஜனவரி 2025

அன்புள்ள மேடத்துக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கடையில் வியாபாரம் ஓடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் உறையைக் காட்டிக்கொண்டிருந்தேன். முனவ்வரா, “கல்யாணப் பத்திரிகை மாதிரி ஊரெல்லாம் நீட்டுறீங்களே” என்றாளாம். என் மகள் நாஜ்னீன் எழுதிக் காட்டினாள். இங்கே எல்லாரும் சுகம். சாரின் விரலுக்கு விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவுங்கள்.

அந்தக் காத்திருந்த கதையை நான் சொல்வது மரியாதை இல்லை. சார் வாயால் வர வேண்டும். கப்பல் கதை வேண்டுமானால் சொல்கிறேன்.

நம் கப்பலின் கொதிகலன் ஒன்று விரிசல் விட்டிருந்தது. முழு வேகம் எடுக்க முடியாது. இந்தக் கப்பலைச் சண்டைக்கு அனுப்பலாமா கூடாதா என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். எங்களை மூழ்கடிக்க ஒரு நீர்மூழ்கி தேடிக்கொண்டு திரிகிறது என்றும் பேச்சு. மேலே விமானம் ஏற வேண்டுமானால் கப்பல் காற்றைப் பார்த்து நேராக ஓட வேண்டும். அன்று காற்றும் சோம்பேறி. பட்டப்பகலில், கடலோடு ஒட்டிப் பறந்துபோய், எதிரியின் விமான தளத்தில் குண்டைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து, ஆடுகிற கப்பலில் குறுக்கே கட்டிய கம்பியில் விமானத்தின் வால் கொக்கியை மாட்டி இறங்க வேண்டும். போன விமானம் அத்தனையும் திரும்பின. கப்பலின் மேல்தளத்தில் இருந்த நாங்கள் அழுதோம். ஒருத்தன் அழுவது ஒருத்தனுக்குக் கேட்காது என்பதால் தைரியமாக அழுதோம்.

இறங்கியதும் சார் என்னைக் கையாட்டிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள் மேடம். எனக்கு ஓர் ஆசைதான்.

பணிவுடன்,
ரஹீம்


குன்னூர்,
11 பிப்ரவரி 2025

திரு. ரஹீம் அவர்களுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. விளக்கெண்ணெய் தடவுகிறோம். பதில் தாமதமாகிவிட்டது, வீட்டில் வேலை சரியாக இருந்தது.

சாரிடம் கேட்டேன். சிரித்தார். ‘அடி ஏதும் பட்டதா’ என்று உங்களைக் கேட்டதாகச் சொன்னார்.

கப்பல் கதையை வாசித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை. அத்தனையும் இந்த மனிதர் செய்தாரா என்று நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுதியதற்கு உங்களுக்கு நன்றி.

ஏப்ரல் முதல் எங்கள் விலாசம் மாறலாம். பெங்களூரில் இருக்கும் மகன் விமல் கோயமுத்தூரில் வேறு ஏற்பாடு செய்கிறான். எழுதுவதானால் மார்ச் முடிவதற்குள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அம்சவேணி


பந்தலூர்,
19 பிப்ரவரி 2025

அன்புள்ள மேடத்துக்கு,

ஆண்டவன் உங்கள் இருவருக்கும் ஆரோக்கியத்தைத் தர வேண்டும். இங்கே சுகம். காப்பி பூத்திருக்கிறது, கடைக்குள் வரை வாசம்.

சார் அன்று கேட்டது அது இல்லை மேடம். பரவாயில்லை, எத்தனை வருஷம் ஆகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். சாருக்கு உடம்பு எப்படி? என் அண்ணன் கடைசி மூன்று வருஷம் என்னை எங்கள் அப்பா என்று நினைத்து ‘அத்தா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைக்கு வருகிறவர்களிடம் அண்ணன் நன்றாக இருக்கிறார், வேலையாக வெளியே போயிருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோது எனக்கு என் குரல் கேட்டது. அதனால் கேட்கிறேன். நான் நினைப்பது தப்பானால் இதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். மன்னித்துவிடுங்கள்.

பணிவுடன்,
ரஹீம்


குன்னூர்,
3 மார்ச் 2025

ரஹீம் தம்பிக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகமாக இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நாலு வருஷமாக அவருக்கு மறதி. உங்கள் முதல் கடிதத்தை உரக்க வாசித்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் நானாக எழுதியது.

மறதியை நான் தாங்கிக்கொள்வேன் தம்பி. என்னை யாரென்று கேட்டாலும் தாங்கிக்கொள்வேன். இன்னொன்றைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் காலுறையும் ஷூவும் போட யாராவது அவர் காலடியில் உட்கார்ந்தால், இரண்டு கையையும் தலைக்கு நேராக உயர்த்திவிடுகிறார். விரல்களை விரித்தபடி. அப்படியே இருப்பார். இறக்கச் சொன்னால் இறக்க மாட்டார். பிடித்து இழுத்தால் அவ்வளவு பலம். கீழ் கோத்தகிரியிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளும் சுமலதா நல்ல பெண். அவளே, “ஏனுங்கம்மா, ஐயா எதைக் கண்டு இப்படிப் பயப்படறாருங்க?” என்று அழுகிறாள். ஜனவரியில் வாசல்படியில் லேஸ் அவிழ்ந்தது. அவள் குனிந்தாள். இவர் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். விழுந்து புருவத்தில் தையல்.

பொங்கலுக்கு வந்த விமல் இதைப் பார்த்துவிட்டான். “அம்மா, அப்பா யாருகிட்டயோ சரண்டர் ஆகறாரும்மா” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான். பழைய போர்ப் பயமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதனால் கோயமுத்தூரில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் விடுவதென்று முடிவு. மார்ச் முப்பத்தொன்று போக வேண்டும். அங்கே மனைவிகள் தங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் பார்க்கலாம்.

மகனைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் முழங்கால் போய்விட்டது. ஆனால் இவரை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் நான் எப்படி விளக்கேற்றுவேன்?

அவருடைய நாற்காலிக்கு எதிர்ச் சுவரில்தான் அந்தச் சண்டைக்காக அவருக்குக் கொடுத்த பதக்கம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்குகிறாரே என்று எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். நீங்கள் அன்று கூட இருந்தவர். உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த மனோகரன் பயந்தவரா?

அம்சவேணி


பந்தலூர்,
6 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மேடம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

அது பயம் இல்லை. சரணடைவதும் இல்லை. அது எங்கள் ஓடுதளத்துச் சட்டம்.

கிளம்பும் கடைசி நேரத்தில் நாங்கள் இறக்கைக்கு அடியில் புகுந்து, குண்டின் பாதுகாப்பு ஊசிகளைப் பிடுங்குவோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கத்தினால் யாருக்கும் கேட்காது. விமானி எந்தப் பொத்தானையாவது தெரியாமல் தொட்டுவிட்டால் கீழே இருக்கிறவன் போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் கீழே ஆள் இருக்கும்வரை விமானி இரண்டு கையையும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கை இறங்கினால் ‘நான் தயார்’ என்று அர்த்தம். அடுத்த நொடி நீராவி விசை விமானத்தைத் தூக்கிக் கடல்மேல் எறிந்துவிடும்.

சார் எனக்காகக் காத்திருந்தது இதுதான் அக்கா. அன்று ஓர் ஊசி வளைந்திருந்தது, வரவில்லை. என் கையுறை கொக்கியில் மாட்டி, கையும் உள்ளே சிக்கிக்கொண்டது. மற்ற விமானங்கள் போய்விட்டன. கொடி பிடிக்கிற அதிகாரி கோபத்தில் குதிக்கிறார். கப்பல் நேர்கோட்டில் ஓடுகிறது, நீர்மூழ்கிக்கு அதைவிட நல்ல குறி கிடையாது. எல்லார் கண்ணும் சாரின் கைமேல். அவர் இறக்கவில்லை. நான் கையுறையைக் கழற்றி, தோல் உரிய வெளியே வந்து, அவர் கண்ணுக்கு எதிரே நின்று ஊசியைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினேன். அப்புறம்தான் இறக்கினார். திரும்பி வந்ததும் தாமதத்துக்கு மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று கேள்வி. எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. “உன் பேரு என்னப்பா?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். சுமலதா ஷூவைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டிலோ பின்பக்கமோ எழுந்து போகிறாள் அல்லவா? அதுதான் தப்பு. அவருக்குக் கீழே இன்னும் ஆள் இருக்கிறது. வேலை முடிந்ததும் அந்தப் பெண் அவர் எதிரே நாலடி தள்ளி நிற்க வேண்டும். இரண்டு கையையும் காட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்த வேண்டும். அவரைத் தொடக் கூடாது, இழுக்கக் கூடாது. செய்து பார்த்து எழுதுங்கள்.

நான் பார்த்த மனோகரன் சார் பயந்தவர் இல்லை. எல்லாம் மறந்த பிறகும் கீழே இருக்கிறவனை அவர் மறக்கவில்லை.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி,
ரஹீம்


குன்னூர்,
14 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் முனவ்வராவும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். முழங்கால் கிடக்கிறது விடு.

முதல் நாள் பலிக்கவில்லை. சுமலதா வெட்கப்பட்டுக்கொண்டு அவர் மூக்குக்குக் கீழேயே விரலை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலடி என்றால் நாலடி என்று இரண்டாம் நாள் அவளைத் தள்ளி நிறுத்தினேன். நிமிர்ந்து நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் காட்டினாள். கட்டைவிரலை உயர்த்தினாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். தலையை ஆட்டினார். கையை இறக்கினார். இறக்கி, “போலாம்” என்றார். தம்பி, அவர் வாயிலிருந்து சொல் வந்து எத்தனையோ வாரம். சுமலதா சமையலறைக்கு ஓடிப்போய் அழுதாள். நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

அன்று முதல் தினமும் அப்படித்தான். பதக்கம் சுவருக்குத் திரும்பிவிட்டது. இந்த வீட்டில் வெளிச்சம் வந்ததற்கு யாரைக் கும்பிடுவது என்றால் உன்னைத்தான்.

ஆனால் விமல் நம்பவில்லை. “கதை நல்லாத்தான் இருக்குதும்மா. நாளைக்கே மறுபடி விழுந்தா யாரு தூக்கறது?” என்கிறான். அவன் கவலையில் தப்பில்லை. முப்பதாம் தேதி காரோடு வருகிறான். நீ ஒரு நடை வந்து அவனிடம் சொன்னால் கேட்பான். வருவாயா?

அக்கா


பந்தலூர்,
21 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

“போலாம்” என்றாரா! அந்த வரியை முனவ்வராவிடம் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினேன்.

வர முடியாமல் இருக்கிறேன். போன வாரம் முனவ்வரா குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பில் அடி. கூடலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நாஜ்னீனும் நானும் மாறி மாறி இருக்கிறோம். பயப்பட ஒன்றுமில்லை, நர்ஸைத் திட்டும் அளவுக்குத் தெம்பு இருக்கிறதாம். சார் முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விட்டுவிட்டு வர மனசு இல்லை.

நான் வந்தாலும் பிரயோஜனம் இல்லை அக்கா. காது கேட்காத கிழவன் கத்திப் பேசினால் மகன் இன்னும் பயந்துபோவார். ஒன்று செய்யுங்கள். வாதம் பண்ணாதீர்கள். கிளம்புகிற அன்று காலையில் சாருக்கு ஷூவை மகனையே போட்டுவிடச் சொல்லுங்கள். நின்று பார்த்தால் அது சரணடைகிற மாதிரிதான் இருக்கும். கீழே உட்கார்ந்து, மேலே பார்க்க வேண்டும். நான் பார்த்தது அங்கிருந்துதான்.

துஆ செய்கிறேன்.

தம்பி,
ரஹீம்


குன்னூர்,
9 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

முனவ்வராவுக்கு இடுப்பு தேவலையா? எழுந்து நடக்கிறாளா? அவளை அவசரப்படுத்தாதே. பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம், எழுத உட்காரும்போதெல்லாம் கண் மறைத்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலை. பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. சுமலதாவைப் பால் வாங்க அனுப்பினேன். “விமலு, அப்பாவுக்கு ஷூ போட்டு விடுடா, எனக்குக் குனிய முடியல” என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். அவர் கை மேலே போனது. அவன் பார்க்காமல் லேஸைக் கட்டினான். அவசரத்தில் அது முடிச்சு விழுந்து சிக்கிக்கொண்டது. அவிழ்க்க அவிழ்க்க இறுகியது. மேலே இவர் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது தம்பி. தோள் வரை நடுங்குகிறது. இறக்கவில்லை. நெற்றியில் வேர்வை.

“அம்மா, கை நடுங்குது, எறக்கச் சொல்லும்மா” என்றான்.

“நீ கீழ இருக்கற வரைக்கும் எறக்க மாட்டாருடா.”

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்காகவாம்மா?” என்று கேட்டான், பள்ளிக்கூடத்துப் பையன் குரலில். முடிச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். எதிரே தள்ளி நின்று இரண்டு கையையும் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினான். கை இறங்கியது. விமல் காருக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கினான்.

இல்லத்துக்கு வரவில்லையென்று சொல்லிவிட்டான். வாசல்படியை எடுத்துவிட்டுச் சரிவு கட்ட ஆள் வைத்திருக்கிறான். சுமலதாவின் தம்பி பாண்டியன் ஒத்தாசைக்கு வருகிறான். மாதம் இரண்டு தடவை தானே வருவதாகச் சொல்லியிருக்கிறான் மகன். இந்த வாரமும் வந்தான். ஷூவை அவன்தான் போட்டான்.

நன்றி என்று நீ முதலில் எழுதினாய். உன் ஒரு கைக்கு நன்றி சொல்ல வந்து, எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டாய். முனவ்வரா எழுந்ததும் இருவரும் வந்து பத்து நாளாவது தங்க வேண்டும். அவருக்கு உன்னை அடையாளம் தெரியாது. வருத்தப்படாதே, பேரைக் கேட்பார், சொல்லு.

இன்னொன்று உனக்கு மட்டும் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெருவில் இவர் நாலு எட்டு முன்னால்தான் நடப்பார். பஜாரானாலும் கோயிலானாலும், நான் பின்னால் ஓடித்தான் பிடிக்க வேண்டும். திரும்பிப் பார்த்ததில்லை, நின்றதில்லை. கெட்ட மனிதர் இல்லை, அவர் நடை அப்படி. நேற்றுக் காலை சுமலதா வர நேரமாயிற்று. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கையை உயர்த்தினார். நான் அண்ணாந்து பார்த்தேன். எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

லேஸை மெதுவாகத்தான் கட்டினேன் தம்பி.

உன் அக்கா,
அம்சவேணி